ஏரி இல்லாத பறவைகள்

தமிழ் சினிமாவைப் பற்றி நாம் நிறையக் கோபப்பட்டிருக்கிறோம். சிறுபத்திரிகை என்று ஒன்று தொடங்கிய நாளிலிருந்து அதன் மலினத்தைப் பற்றியும் பொய்யைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அரசு டெலிவிஷனில், கேட்பாரற்ற நேரங்களில் வந்துபோகும் இயற்கைப் படங்களைப் பற்றி யாரும் விமர்சனமாக ஒரு பக்கம் எழுதி நான் படித்ததில்லை. பறவை, ஏரி, மரம், ஊர்மக்கள் இவற்றைக் காட்டும் அரை மணி நேரத்தில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். அவற்றில் ஆபாசம் இல்லை, ஹீரோ இல்லை, சண்டை இல்லை. 'நல்ல விஷயம்' என்ற ஒரே சிபாரிசில் அவை பரீட்சை எழுதாமலே தேறிவிடுகின்றன. எல்லோரும் நல்லது என்று ஒப்புக்கொண்ட இடத்தில் பொய் வசதியாகக் குடியேறிவிட முடியும் என்பதால்தான் இதை எழுதத் தோன்றுகிறது.

இந்தப் படங்களின் உருவம் இன்று கெட்டிப்பட்டுவிட்டது. முதலில் சூரியோதயம். புல்லாங்குழல். நீரின்மேல் ஒரு கூழைக்கடா இறங்குகிறது. பிறகு ஒரு குரல், ஆண் குரல், யாரும் யாரோடும் பேசாத ஒரு தமிழில் 'இயற்கை அன்னையின் மடியில்' என்று தொடங்குகிறது. கூடு, முட்டை, குஞ்சு, இரை ஊட்டும் தாய். வனத்துறை அதிகாரி ஒருவர் எண்ணிக்கைகளைச் சொல்கிறார். இருபதாவது நிமிஷத்துக்கு மேல் ஊர்மக்கள் வருகிறார்கள். தலையில் முண்டாசோடு ஒரு பெரியவர், 'இந்தப் பறவைங்க எங்க புள்ளைங்க மாதிரி' என்கிறார். அவர் அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறக்கும்போது காமிரா நகர்ந்துவிடுகிறது. மீண்டும் புல்லாங்குழல், அஸ்தமனம். பறவைக்கு நெருக்கக் காட்சி, மனிதனுக்கு ஒரு வாக்கியம் என்பதே இந்தப் படங்களின் இலக்கணம். அந்த ஒரு வாக்கியமும் படம் எடுத்தவருக்கு முன்பே தெரிந்த வாக்கியமாகத்தான் இருக்கிறது.

வெட்டப்பட்ட அந்த அடுத்த வாக்கியம் என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எண்பதுகளில் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் பெருகிய பிறகே தென்னாற்காடு போன்ற மாவட்டங்களில் அது சரியாகத் தெரிந்தது. 2000இல் அதற்குப் பொதிகை என்று பெயர் வந்தது. 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறியது. பெயர்கள் மாறினாலும் நாட்டுப்புறத்து மனிதனை அது பார்த்த விதத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைப் பட்டணத்துக்காரர்கள் கேலி செய்தே பழகியவர்கள். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வருவதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தண்டனைகளில் அது ஒன்று. ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஒரு விவசாயி, அவர் பயிர், அவர் சந்தேகம் என்று மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன என்பதைக் கேலி செய்தவர்கள் கவனிக்கவில்லை.

அதற்கும் முன்னால் வானொலி இதைவிட ஆழமாக ஒன்றைச் செய்துவிட்டிருந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகத்தான் அது தஞ்சை விவசாயிகளுக்குத் தெரிந்தது. அவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டார்கள். ஒரு சாதனம் மக்களின் வாழ்க்கைக்குள் போய்விட்டதற்கு இதைவிட ஸ்தூலமான சாட்சி வேண்டியதில்லை. டெலிவிஷன் இத்தனை வருஷங்களாகப் பறவைகளைக் காட்டியும், 'டி.வி. நாரை' என்று எந்த ஊரிலும் ஒரு பறவைக்குப் பெயர் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்தப் படங்கள் ஊர்களிலிருந்து எடுத்துக்கொண்டு போகின்றன. ஊர்களுக்கு எதையும் கொண்டு வருவதில்லை.

இன்னொரு விஷயம் இன்னும் முக்கியம். வயல் ஒரு நிகழ்ச்சியிலும் பறவை வேறு நிகழ்ச்சியிலும் என்று டெலிவிஷன் ஒரே நிலத்தை இரண்டு நேரங்களாகப் பங்குபோட்டுவிட்டது. விவசாய நிகழ்ச்சியில் உரமும் பூச்சிமருந்தும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. இயற்கை நிகழ்ச்சியில் நாரை பறந்தது. நத்தைகுத்தி நாரை நெல்வயலில் இறங்கி நத்தையைத் தேடும் பறவை. அதன் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அந்த நத்தைக்காகவே ஏற்பட்டது போலிருக்கும். அந்த வயலுக்கு முந்தின நாள் என்ன மருந்து அடித்தார்கள் என்ற கேள்வி இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது. விவசாய அதிகாரிக்கு அது தன் வேலையில்லை. பறவைப் படக்காரருக்கு அது அழகில்லை.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அதிகமாகப் படமெடுக்கப்பட்ட ஏரி அதுவாகத்தான் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பட்டாளத்துக்காரர்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்கு எழுத்து மூலம் உத்தரவு வாங்கினார்கள். இதைப் படங்கள் சொல்லும்போது 'பறவைகள்மீது கொண்ட பாசம்' என்று சொல்லி முடித்துவிடுகின்றன. ஊர்க்காரர்கள் சொன்ன காரணத்தில் பாசத்தோடு கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் போகும்போது உரமாகவே போகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் பறவை வரும். பறவை வந்தால் நெல் விளையும். இது ஒரு பொருளாதாரம். ஊர்ப் பறவையைச் சுடுகிறவன் தங்கள் உரத்தைச் சுடுகிறான் என்று தெரிந்த மனிதர்கள், அந்நிய அரசாங்கத்தின் அதிகாரியிடம் போய்த் தங்கள் உரிமையை எழுதி வாங்கியிருக்கிறார்கள். இதை 'எங்க புள்ளைங்க மாதிரி' என்ற ஒரு வாக்கியமாகச் சுருக்குவது அவர்களின் அறிவைப் பறித்துக்கொண்டு வெறும் நல்ல மனசை அவர்களுக்கு விட்டுவைப்பது.

1998இல் அந்த ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவிப்பு வந்தது. 2020இல் அதைச் சுருக்கும் யோசனை வந்து, எதிர்ப்பும் கிளம்பியது. பறவை மரத்தில் தூங்கினாலும் இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குட்டைகளிலும்தான் என்பது அந்த வாதத்தின் மையம். அரை மணிப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு பார்வையாளனுக்கு இந்த வாதம் புரிந்திருக்க வழியே இல்லை. அவன் பார்த்த படங்களில் பறவை மரத்தை விட்டு எங்கேயும் போகாது. சட்டத்துக்கு வெளியே பறந்துபோனதும் அடுத்த காட்சி வந்துவிடும். உருவத்தின் குறை என்று நான் சொல்வது இதைத்தான். அது வெறும் ரசனைக் குறையாக நின்றுவிடாமல், ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர் நிலத்தின் தலைவிதியில் போய் முடிகிறது.

தீபாவளிதோறும் வரும் ஒரு செய்தித் துண்டு இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று வெடி வெடிப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே இரண்டு நிமிஷம். அதே கண்மாய், வெடியில்லாமல் விளையாடும் குழந்தைகள், வனத்துறை தரும் இனிப்பு. நான் அந்த ஊரைக் குறை சொல்லவில்லை. அந்த ஊர் செய்வது பெரிய காரியம். ஆனால் அது ஒரு நாள் காரியம் இல்லை. மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாட்களில் அந்தக் கண்மாயில் தண்ணீர் எப்படி நிற்கிறது, வரத்துக்கால் யார் பொறுப்பு, கருவேலம் வெட்டும் உரிமை யாருக்கு, மீன் குத்தகை உண்டா, மழை பொய்த்த வருஷம் ஊர் என்ன செய்தது என்று ஒரு தடவையாவது யாராவது கேட்டிருந்தால், அந்த இரண்டு நிமிஷமும் வேறு அர்த்தம் பெற்றிருக்கும். 'தியாகம்' என்ற சொல்லை எடுத்து அவர்கள் தலையில் வைத்தபிறகு கேள்விகளுக்கு இடமில்லை. தியாகிகளிடம் யாரும் விவரம் கேட்பதில்லை.

பெயர்களுக்கு வருகிறேன். இந்தப் படங்களின் பின்னணிக் குரல் பறவைப் பெயர்களை உச்சரிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த பெயர்கள் அவை. நிறமும் பருமனும் மட்டும் தெரியும். நம் ஊர்ப் பெயர்கள் வேறு விதமாக ஏற்பட்டவை. உண்ணிக்கொக்கு என்ற பெயரில் மாடு இருக்கிறது, மாட்டின் உண்ணி இருக்கிறது, இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்ற மாட்டுக்காரன் இருக்கிறான். ஆள்காட்டி என்ற பெயரில் வரப்பில் நடந்து வரும் ஆள் இருக்கிறான். அவனைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவையும், அதனால் வேட்டை தப்பிப் போன எரிச்சலும் இருக்கிறது. அரிவாள் மூக்கன் என்று ஒரு பறவையை அழைத்தவன் அரிவாள் பிடித்தவன். பாம்புத்தாரா, முக்குளிப்பான், நத்தைகுத்தி எல்லாம் பார்த்தவனையும் பார்க்கப்பட்டதையும் சேர்த்தே பிடித்துவைத்த பெயர்கள். காமிரா எந்த மனிதனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறதோ அவன் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறான். க. ரத்னம் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' நூலுக்காக இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிச் சேர்த்தார். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' வழியாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் அலங்காரமில்லாத ஒரு தமிழ் இருக்கிறது. நம் வீட்டைச் சுற்றி நடமாடும் உயிர்களை நம் வீட்டோடு சேர்த்துப் பார்க்கும் கண் இருக்கிறது. டெலிவிஷனுக்குப் படம் எழுதுகிறவர்கள் இவற்றைப் படித்ததற்கான தடயம் அவர்களின் வசனத்தில் இல்லை.

மனிதனற்ற சட்டம் என்ற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பி.பி.சி.யின் பிரிஸ்டல் நகர இயற்கைப் பிரிவு 1957இல் அமைந்தது. 1979இல் டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' பதின்மூன்று பகுதிகளாக வந்தது. உலகம் முழுவதும் இயற்கைப் படம் என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. அதன் சாதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு வேலைக்கான உருவம். பரிணாமத்தின் கதையைச் சொல்ல உலகமெல்லாம் சுற்றி வந்து எடுத்த படம். அந்தக் கதையில் ஊர்க்காரனுக்கு இடம் தேவையில்லை. நாம் அதே உருவத்தை எடுத்து, ஆயிரம் வருஷங்களாக மனிதன் வெட்டி, கரை கட்டி, தூர் வாரிக் காத்த ஏரிகளின்மேல் போர்த்திவிட்டோம். வேடந்தாங்கல் ஏரி காடு இல்லை. அதன் கரையிலிருந்து மதகு வரை மனிதன் செய்தது. அங்கே மனிதனை நீக்கிவிட்டு எடுக்கப்படும் இயற்கைப் படம், நடிகரை நீக்கிவிட்டு நாடகத்தைப் படமெடுப்பதற்குச் சமம்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடிந்திருக்கிறது. 1987இல் ரோமுலஸ் விட்டேகரும் சேகர் தத்தாத்ரியும் ரேவதி முகர்ஜியும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். இருளர்கள் பாம்புத் தோலை நம்பிப் பிழைத்தவர்கள். 1972இன் வனவிலங்குச் சட்டமும் பிறகு வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூடின. 1978இல் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, மறுபடியும் வெளியில் விட்டுவிடுவது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. இங்கே பாம்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இருளரின் கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். கையைப் பற்றிப் பேசினால் சட்டத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். விஷயமே அப்படி அமைந்தது என்று சிலர் சொல்லலாம். எல்லா விஷயமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது, பார்க்கிறவர்தான் இல்லை என்பது என் பதில். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது டெலிவிஷன் அவர்களை ஜனாதிபதி முன்னால் நிற்பவர்களாகக் காட்டியது. அந்த விருதுக்குக் காரணமான பாம்பு அந்தக் காட்சியில் இல்லை. மறுபடியும் பிரித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் எழுதுவது நெல்லிக்குப்பத்திலிருந்து. 1842இல் சர்க்கரை ஆலை வந்த ஊர்; ஒரு பக்கம் பெண்ணையாறு, இன்னொரு பக்கம் கெடிலம், நடுவில் கரும்பு. இங்கிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் நெய்வேலி. அங்கே 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த நீர் ஓடைகள் வழியாகவும் பரவனாறு வழியாகவும் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. வெகுகாலம் தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரி 2010களில் தூர் வாரப்பட்டு நீர் நின்றது. நீர் நின்றதும் பறவை வந்தது. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். யாரும் ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு போய் அழகான அரை மணிப் படம் எடுத்துவிடலாம்.

அதே பரவனாற்றின் பெயரில் 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் இன்னொரு காட்சி நடந்தது. இரண்டாம் சுரங்க விஸ்தரிப்புக்காக ஆற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கு, நின்ற நெற்பயிரில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கதிர் வரும் நேரம் வரை காத்திருந்தால் என்ன என்றார்கள் பயிரிட்டவர்கள். உயர்நீதிமன்றம் பயிருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. செய்தி சானல்கள் எல்லாம் பச்சைப் பயிர்மேல் இரும்புச் சக்கரம் ஏறுவதைத் திரும்பத் திரும்பக் காட்டின. அழுத பெண்களைக் காட்டின. அங்கே பறவை இல்லை.

வாலாஜா ஏரியின் நாரையும் வளையமாதேவியின் நெல்லும் ஒரே நீர்க் கணக்கின் இரண்டு வரிகள். பூமிக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்ட நீர் ஓர் இடத்தில் ஏரியாகிறது. எடுக்கும் அதே வேலை இன்னோர் இடத்தில் வயலை விழுங்குகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகள் ஆழமாகின்றன. சுரங்கம் நின்றால் இறைப்பு நிற்கும். இறைப்பு நின்றால் அந்த நீரை நம்பியுள்ள ஏரிகளுக்கும் அங்கு வந்து பழகிய பறவைகளுக்கும் என்ன ஆகும்? இது எளிதான கேள்வி இல்லை. சுரங்கத்தை எதிர்க்கிறவருக்கும் சங்கடம் தரும், ஆதரிக்கிறவருக்கும் சங்கடம் தரும். அப்படிப்பட்ட கேள்வியை நம் முன் வைப்பதுதான் ஒரு படைப்பின் காரியம் என்று நான் நம்புகிறேன். ஆனால் டெலிவிஷனின் பங்கீட்டில் நாரை 'இயற்கை'க்குப் போய்விடுகிறது, நெல் 'செய்தி'க்குப் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்குக் கிடைத்ததோ நாரைப் படத்தில் ஒரு வாக்கியம், செய்தியில் ஓர் அழுகை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், தெரியும். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பட்டணத்துக் குழந்தைகள் ஒரு முக்குளிப்பானையாவது தெரிந்துகொள்கின்றன. அதிலும் அரசியலைக் கொண்டுவந்து கெடுக்க வேண்டுமா என்று. குழந்தை பறவையைப் பார்ப்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை. தூக்கணாங்குருவி கூடு பின்னுவதை நெருக்கத்தில் காட்டியதற்காக இந்தப் படங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். கண்ணுக்குப் பொறுமையைப் பழக்குவது சின்ன விஷயமில்லை; நம் கவிஞர்களில் பலருக்கே அது பழகவில்லை. ஆனால் பறவையைப் பார்க்கப் பழகிய குழந்தை, அந்தப் பறவை நிற்கும் தண்ணீரைப் பார்க்காமல் இருக்கவும் அதே நேரத்தில் பழக்கப்படுகிறது. பின்னால் அந்தக் குழந்தைதான் அதிகாரியாகும், என்ஜினீயராகும், பத்திரிகைக்காரனாகும். அதற்கு ஏரி என்றால் பறவைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் ஒரு நீலம் என்றுதான் மனசில் பதிந்திருக்கும். அரசியலை நான் கொண்டுவரவில்லை. அது மதகிலும் வரத்துக்காலிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சட்டத்துக்கு வெளியே வைக்கத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

வியாபார சானல்களிடம் இதைக் கேட்க முடியாது. அவை விளம்பரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவை. அரசு டெலிவிஷன் நம் காசில் நடப்பது. மாவட்டத்துக்கு மாவட்டம் போகக்கூடிய ஆட்களும் கருவிகளும் அதற்கு உண்டு. பார்வையாளர் எண்ணிக்கையை அது இழந்தாயிற்று. இழக்க அதற்குமேல் அதிகமில்லை. அதனால் அதனிடம் கேட்கலாம். நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை, விசேஷமான லென்ஸ் இல்லை. புல்லாங்குழலை நிறுத்திவிட்டு ஏரிக்கரையின் சத்தத்தைக் கேட்க விடட்டும். பறவைக்கு ஊர் என்ன பெயர் சொல்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லட்டும். மதகைத் திறக்கிறவர் யார் என்று காட்டட்டும். கரையில் நிற்கிறவர் பேசத் தொடங்கினால் வெட்டாமல் வைத்திருக்கட்டும். அவர் பறவையில் தொடங்குவார், தண்ணீருக்குப் போவார், அங்கிருந்து கடன், உரம், கம்பெனி, கோர்ட்டு என்று போவார். அரை மணியில் அது முடியாது. முடியாவிட்டால் மிச்சத்தை அடுத்த வாரம் காட்டலாம். நேரத்துக்கு அங்கே பஞ்சமில்லை.